நன்னாரி என்ற பெயரில் நாம் வாங்கும் வேர் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட வெயில்காலப் பானங்கள் பற்றிய சிறப்புப் பக்கத்தில் நன்னாரி சர்பத்துக்கு முதலிடம் கொடுத்திருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். திண்டுக்கல் மாவட்டத்தில் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்திவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், வேரைத் தட்டிப் போட்டு ஊறவைக்கும் முறையைப் பற்றி அதில் எழுதியிருந்தது சரியே என்று சொல்வேன். ஆனால் அந்தக் கட்டுரை "நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று முடிந்த இடத்தில்தான் நான் சொல்ல வேண்டிய செய்தி தொடங்குகிறது. இன்று கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைக்கும் வேர், பல நேரங்களில் நன்னாரிக் கொடியின் வேர் அன்று. அது மாகாளிக் கிழங்கு. இந்தப் பெயர் மாற்றத்தால் வாங்குபவர் ஏமாறுவது ஒருபுறம் இருக்க, இரண்டு கொடிகளுமே நம் மலைகளிலும் வேலிகளிலும் குறைந்துவருவது எவர் கண்ணிலும் படாமல் போகிறது என்பதே என் கவலை. அதனால் சற்று நீளமாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் நன்னாரியைப் பற்றி. தரையில் படர்ந்தும் அருகிலுள்ள முட்புதரைச் சுற்றிக்கொண்டும் வளரும் மெல்லிய கொடி அது. தண்டு கம்பியைப் போல ஒல்லியாக இருக்கும். கிள்ளினால் பால் வரும். எருக்கு, அரளி முதலியவை அடங்கிய அதே தாவரக் குடும்பத்தில்தான் இதையும் வைத்திருக்கிறார்கள். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். ஒரே கொடியில்கூட ஓர் இலை ஊசிபோல் நீண்டும் இன்னொன்று நீள்வட்டமாக அகன்றும் காணப்படுவதால், புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டு வேறு செடிகள் என்று எண்ணிவிடுவதுண்டு. கரும்பச்சை இலையின் நடு நரம்பை ஒட்டி ஓடும் வெள்ளிக் கோடுதான் நம்பத்தகுந்த அடையாளம். வெளியே பச்சையும் உள்ளே கருஞ்சிவப்புமாகப் பூக்கும் பூ மிகச் சிறியது. உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. காய்கள் இரண்டிரண்டாக ஒல்லியாக நீண்டு, காய்ந்தபின் வெடித்து, பட்டுப் போன்ற வெண்பஞ்சு ஒட்டிய விதைகளைக் காற்றில் விடும். கரிய சிறகில் வெண்புள்ளிகள் கொண்ட ஒரு பட்டாம்பூச்சி வகையின் புழுக்கள் இந்த இலைகளைத் தின்று வளர்வதைக் கவனித்தவர்கள் அறிவார்கள்.

மருந்துக்கும் பானத்துக்கும் பயன்படுவது வேர். நன்னாரி வேர் பெரும்பாலும் பென்சில் கனத்துக்கு மேல் போகாது. மேல்தோல் பழுப்பு அல்லது கருமை கலந்த பழுப்பு. காய்ந்தபின் தோலில் குறுக்காக வெடிப்புகள் விழுந்திருக்கும். உடைத்தால் தோலுக்கு அடியில் மாவு போன்ற வெண்பகுதியும், அதன் நடுவே மஞ்சள் சாயலில் கட்டையான நரம்பும் தெரியும். மணமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. அதனால்தான் எங்கள் தொழிலில் வேரைக் கல்லில் வைத்துத் தட்டி, நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, தோலை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். நடு நரம்பு நீக்கும் இந்த வேலைக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒரு கிலோ வேரில் கணிசமான எடை குப்பைக்குப் போகும். வேர் மாறிப்போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாகாளிக் கிழங்கு இதற்கு நேர்மாறானது. விரல் கனத்திலிருந்து அதற்கும் மேலாகப் பருத்து, சதைப்பற்றுடன், கொத்துக் கொத்தாக மண்ணுக்குள் இறங்கும் வேர் அது. தயிரிலும் கடுகிலும் ஊறப்போட்டு ஊறுகாயாக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பழமையானது. பழகாதவர்கள் அதன் வாடையை மூட்டைப்பூச்சி வாடையோடு ஒப்பிடுவார்கள், பழகியவர்களோ அந்த ஊறுகாய் இல்லாமல் மோர்ச்சோறு இறங்காது என்பார்கள். தெலுங்கில் இதற்கு மாரேடு கொம்மு என்று பெயர். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத கொடி இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளிலும், திருமலை அடங்கிய சேஷாசலம் காடுகளிலும், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் இது இருக்கிறது. அந்த மலையில் வாழும் சோலிகர்கள் நெடுங்காலமாக இதைத் தோண்டி விற்று வந்திருக்கிறார்கள். டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்பது இதன் தாவரவியல் பெயர். நன்னாரியின் தாவரவியல் பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். இரண்டும் உறவுக் கொடிகள் என்பது உண்மை. ஆனால் ஒன்றன்று.

இரண்டையும் மாற்றி விற்க முடிவதற்குக் காரணம் அவற்றின் மணம். 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற வேதிப்பொருள்தான் இரண்டு வேர்களுக்கும் அந்த வாசனையைத் தருகிறது. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினில் என்னென்ன அணுக்கள் எத்தனை உண்டோ, அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் சற்று இடம் மாறி அமைந்த பொருள் இது. நன்னாரியை முதன்முறை முகர்பவருக்கு ஐஸ்கிரீம் நினைவு வருவதன் காரணமும் அதுவே. மாகாளியில் இந்த மணம் நன்றாகவே உண்டு, வேரும் பருமன், எடையும் அதிகம், தட்டி நரம்பெடுப்பதும் எளிது. மேலும் மாகாளி வேரில் பூச்சியை விரட்டும் தன்மை இருப்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறது. அதாவது மூட்டைகளில் பல மாதம் கிடந்தாலும் எளிதில் பூச்சி அரிக்காத சரக்கு. வியாபாரியின் பக்கமிருந்து பார்த்தால் எல்லாவகையிலும் வசதியான வேர்.

எங்கள் கடையின் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் தாத்தா காலத்தில் வேர் எடுப்பவர்கள் நேரே கடைக்கு வருவார்கள். மலையடிவாரத்து ஊர்களைச் சேர்ந்த பெண்கள் சிறுசிறு கட்டாகக் கட்டி, ஈரம் காயாத வேரைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தருவார்கள். பின்னர் அவர்களுடைய வருகை குறைந்தது. வெளியூர் மொத்தக்கடையிலிருந்து மூட்டையாக வரும் காய்ந்த வேருக்கு நாங்கள் மாறினோம். ஒருமுறை வந்த மூட்டையில் வேர்கள் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தன. என் தந்தை ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, "இது மாகாளி" என்று ஒரே சொல்லில் சொன்னார். மொத்தக்கடையில் விசாரித்தபோது, எல்லோரும் நன்னாரி என்று இதைத்தான் வாங்குகிறார்கள், விலையும் குறைவு, வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம் என்ற பதிலே வந்தது. நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. கோடைக்கால விற்பனையை விட மனமில்லாமல் அந்த மூட்டையை நன்னாரி என்றே விற்றோம். அடுத்த சில ஆண்டுகளும் அப்படியே விற்றோம். வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்கவில்லை. இன்று அதை நினைக்கும்போது, கேட்கவில்லை என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மணமும் ஒன்று, குடித்தால் குளிர்ச்சியும் ஒன்று, இதில் என்ன கெட்டுவிட்டது என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். சர்பத்தைத் தாகத்துக்குக் குடிப்பவரைப் பொறுத்தவரை பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாகாளியும் உண்ணத்தக்க வேர்தான். ஆனால் நன்னாரி வெறும் சர்பத்துச் சரக்கு அன்று. உடல் வெப்பத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் பித்தத்தால் வருவதாகக் கருதப்படும் பிணிகளுக்கும் சித்த மருத்துவர்கள் தரும் மருந்துச் சரக்கு. நன்னாரி மணப்பாகு என்று தனி மருந்தே உண்டு. வடமொழியில் அனந்தமூலம் என்றும் சாரிவா என்றும் சொல்லப்படுவதும் இதுவே. இந்திய ஆயுர்வேத மருந்து நெறிநூல் வெண்சாரிவா என்பதை ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் கொடியின் வேர் என்றுதான் வரையறுத்திருக்கிறது. அந்த மணம் வீசும் எந்த வேரும் என்று அது சொல்லவில்லை. மணம் தரும் பொருள் வேரிலுள்ள எத்தனையோ பொருள்களுள் ஒன்று. அது ஒத்துப்போவதால் மற்றவையும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் ஒரே பலனைத் தரும் என்றால் அதை ஆய்வு செய்து, எழுதி, பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. கடைக்காரனின் வசதிக்காக நோயாளிக்குத் தெரியாமல் மாற்றுவது மருந்து விற்பனை ஆகாது.

இந்த வேரின் பெயர் குழம்புவது புதிதும் அன்று. மத்திய அமெரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன சார்சபரில்லா என்ற வேர் ஒரு காலத்தில் மேகநோய்க்கும் இரத்தத்தைச் சுத்தம் செய்வதற்கும் அங்கே பெரும்புகழ் பெற்றிருந்தது. நம் பறங்கிப்பட்டை எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அதே ஸ்மைலாக்ஸ் இனத்துக் கொடிகளின் வேர் அது. நன்னாரிக்கும் அதற்கும் குடும்ப உறவே கிடையாது. இருந்தும், இங்கு வந்த ஆங்கிலேய மருத்துவர்கள் நன்னாரியை அதற்கு ஈடாகப் பயன்படுத்தி, இந்திய சார்சபரில்லா என்று பெயரிட்டார்கள். 1830களில் இலண்டனில் இந்த வேரைச் சோதித்தவர்கள் இதை ஸ்மைலாக்ஸ் வேர் என்றே தவறாக எண்ணி, இதிலிருந்து கிடைத்த பொருளுக்கும் அந்தப் பெயரை ஒட்டியே பெயர் வைத்தார்கள். பின்னால் அது திருத்தப்பட்டது. 1864இல் வெளியான பிரிட்டிஷ் மருந்து நெறிநூலில் நன்னாரி அதன் சொந்தத் தாவரப் பெயரிலேயே இடம்பெற்றது. கப்பலேறி அயல்நாட்டுக்குப் போன வேருக்கே, நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னால், சரியான பெயரைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. அது முளைத்து வளரும் மண்ணில், அதன் பெயரை அறிந்த மக்களிடையே, அந்த ஒழுங்கு இன்று இல்லை.

இனி இந்தக் குழப்பம் கொடிகளுக்கு என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். இலையையோ காயையோ பறித்தால் செடி நிற்கும். வேரை எடுத்தால் செடி போய்விடும். மாகாளியின் கிழங்குகள் கொத்தாக, பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கியிருப்பதால், கடப்பாரை போட்டு நெம்பி மொத்தமாகத்தான் எடுக்கிறார்கள். மிச்சம் எதுவும் இருப்பதில்லை. தோண்டிய குழியில் மீண்டும் ஒரு கொடி விதையிலிருந்து முளைத்து, கிழங்கு பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்தவர் வந்து தோண்டிவிடுகிறார். ஊறுகாய்க்கு மட்டும் தோண்டியவரை தேவைக்கு ஓர் அளவு இருந்தது. ஊறுகாய் போடும் வீடுகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? சர்பத்து, பானப்பொடி, மருந்து என்று நன்னாரிக்குரிய சந்தை முழுவதும் மாகாளியின் தலைமேல் வந்து விழுந்தபோது அந்த அளவு போய்விட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மாகாளி, அழியும் ஆபத்துக்கு உள்ளான இனமாக இடம்பெற்றிருக்கிறது. அப்படியொரு கொடியை நாம் கோடைதோறும் லிட்டர் கணக்கில் குடிக்கிறோம். அது எதுவென்று தெரியாமலே குடிக்கிறோம்.

நன்னாரியின் நிலை வேறு வகை. அது இந்தியாவின் பல பகுதிகளிலும் இலங்கையிலும் பரவலாக வளரும் கொடி. இலங்கையில் சிங்கள மக்கள் இதை இரமுசு என்று சொல்லி, வேரை அவித்துத் தேநீர்போல் குடிக்கிறார்கள், இலைக்கஞ்சியிலும் சேர்க்கிறார்கள். பட்டியல்களைப் பார்த்தால் இதற்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றாது. ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் நன்னாரி எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கிளுவை வேலியின் அடியில், வரப்பு ஓரத்து முட்புதரில், பனங்காட்டில், கோயில் புறம்போக்கில், கரட்டு நிலத்தில். இந்த இடங்கள்தான் முதலில் போயின. உயிர்வேலி இருந்த இடத்தில் கல் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டோம். புறம்போக்குப் புதர்களை இயந்திரம் வைத்து ஒரே நாளில் சமப்படுத்துகிறோம். யாரும் நன்னாரியை அழிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. புதர் என்றால் சுத்தம் செய்ய வேண்டியது என்ற எண்ணம் போதுமானதாக இருந்தது.

முன்பு கடைக்கு வேர் கொண்டுவந்த பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்ததை என் தந்தை சொல்வார். காய் வெடித்து விதை பறந்தபின்தான் தோண்டுவார்கள். பக்கவேர்களை இழுத்துக்கொண்டு, கொடியின் அடிக்கட்டையை வேரோடு கொஞ்சம் விட்டு மண்ணை மூடுவார்கள். நன்னாரி விட்டுப்போன வேர்த்துண்டிலிருந்தும் துளிர்க்கக்கூடியது என்பதால் அடுத்த மழைக்கு அது மீண்டும் எழும். ஆண்டுதோறும் அதே புதருக்கு வர வேண்டியவர்கள் கடைப்பிடித்த முறை அது. எடைக்குக் கூலி, எங்கிருந்து என்று கேட்பதில்லை என்ற ஏற்பாட்டில் வேர் எடுப்பவருக்கு அந்தக் கவலை இருக்க நியாயமில்லை. அவரைக் குறைசொல்வதும் நியாயமில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குச் சிறு வனப்பொருள்களின் மீது உரிமையை ஏற்றிருக்கிறது. அந்த உரிமையில் கைவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் தோண்டும் வேர் எந்தப் பெயரில், என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நான் வற்புறுத்த விரும்பும் இடம் இதுதான். மாகாளி, நன்னாரி என்ற பெயரில் தாராளமாகக் கிடைக்கும்வரை, நன்னாரி அருகிவிட்டது என்பது சந்தைக்குத் தெரியாது. விலை ஏறாது. விலை ஏறாத பொருளை எந்த விவசாயியும் பயிரிட மாட்டார். மறுபுறம், மாகாளி தன் பெயரில் விற்கப்படாததால், எத்தனை டன் மாகாளி மலையிலிருந்து இறங்குகிறது என்பதும் எந்தக் கணக்கிலும் சரியாக வராது. ஒரு கொடியின் குறைவை மற்றொன்று மறைக்கிறது, மற்றொன்றின் அழிவை இதன் பெயர் மறைக்கிறது. பெயரைத் திருத்தாமல் மரக்கன்று விழா நடத்துவதாலும் விழிப்புணர்வுப் பேரணி போவதாலும் இந்த முடிச்சு அவிழாது.

இதற்கிடையே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வேரே இல்லாத நன்னாரி. சீனிப்பாகில் நிறத்தையும் எசன்ஸையும் கலந்து பாட்டிலில் அடைத்து விற்பது தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. சர்பத்துக் கடையிலும் மதுரை ஜிகர்தண்டாக் கடையிலும் ஊற்றும் சிரப்பு வேரிலிருந்து வந்ததா, எசன்ஸிலிருந்து வந்ததா என்று கேட்டால் ஊற்றுபவருக்கே தெரியாமல் இருக்கலாம். கொடிகளைக் காக்கும் நோக்கில் பார்த்தால் எசன்ஸால் வேருக்குக் கேடில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பாட்டிலின் மேல் கொடியின் படத்தையும் வேரின் படத்தையும் பெரிதாக அச்சிட்டுவிட்டு, செயற்கை மணமூட்டி என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி அச்சிடுவது முறையன்று.

ஆகவே என் கோரிக்கைகள் சிறியவை. சர்பத்து, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இன் கீழ் வருகிறது. மருந்து, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. சட்டம் இரண்டானாலும் சீட்டில் ஒரு வரி போதும். நன்னாரி என்று பெயரிட்டு விற்கும் எந்தப் பொருளிலும் உள்ளே இருப்பது ஹெமிடெஸ்மஸ் வேரா, மாகாளி வேரா, மணமூட்டி மட்டுமா என்பதைத் தமிழில், பெயர் அச்சிட்ட அதே பக்கத்தில் குறிக்க வேண்டும். சோதனை செய்வதற்கு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. மணப்பொருளை மட்டும் அளந்தால் இரண்டு வேருக்கும் வேறுபாடு தெரியாது என்பது சரியே; ஆனால் முழு வேரைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம், தூளை நுண்ணோக்கியில் பிரிக்கலாம், அதிலும் ஐயம் வந்தால் மரபணுச் சோதனை இருக்கிறது. என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்களுக்கும் அதே விதி பொருந்தட்டும். மாகாளியை மாகாளி என்று எழுதி விற்பதில் எங்களுக்கு எந்த வெட்கமும் இருக்கத் தேவையில்லை.

பயிரிடுவது முடியாத காரியமும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பின்கட்டில், வேலியோரமாக, வேர்த்துண்டுகளை நட்டேன். பாதிக்குமேல் துளிர்க்கவில்லை. துளிர்த்தவையும் முதல் ஆண்டு முழுவதும் ஒரு முழம் கொடியோடு அசையாமல் நின்றன. இரண்டாம் ஆண்டு மழைக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கின. அந்த ஆண்டு முடிவில் ஒரு கொடியைத் தோண்டிப் பார்த்தபோது ஒரு கைப்பிடி வேர் கிடைத்தது. கொஞ்சம்தான், ஆனால் அந்த மணம் மூட்டையில் வரும் எந்த வேரிலும் நான் முகர்ந்திராதது. தென்னைக்கும் மாமரத்துக்கும் இடையில், அரை நிழலில், வடிகால் உள்ள மண்ணில் இது நன்றாகவே வருகிறது. தனிப்பயிராகப் போட்டு விரைவில் பணம் பார்க்க நினைப்பவருக்கு இது ஏற்றதன்று. தோப்பு வைத்திருப்பவர் வேலியில் ஏற்றிவிட்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பதற்கு ஏற்றது. அப்படி எடுத்த வேருக்கு, தோண்டி வந்த மாகாளியின் விலையையே கொடுத்தால் அவர் அடுத்தமுறை நட மாட்டார்.

இதற்கான அமைப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தேசிய மூலிகைப் பயிர்கள் வாரியம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மூலிகைப் பண்ணைகளுக்கும் மருந்து உற்பத்திக்குமாகவே டாம்ப்கால் நிறுவனத்தைத் தமிழக அரசு 1983இல் தொடங்கியது. மேட்டூர் அணையில் சித்த மருத்துவ மூலிகைத் தோட்டம் இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நடவுக்கு நல்ல கன்றுகளை வளர்த்து விவசாயிகளுக்குத் தருவதையும், விளைந்த வேரை அதன் உண்மைப் பெயரில் கொள்முதல் செய்வதையும் இவை சேர்ந்து செய்ய முடியும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சிகளில் அமைந்த குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் நன்னாரி, மாகாளி என்று இரண்டு வரிகளைச் சேர்த்து, எந்தப் புறம்போக்கில், எந்தச் சரிவில் இன்னும் இருக்கிறது என்பதை வேர் எடுத்துப் பழகிய முதியவர்களைக் கேட்டுக் குறிக்கலாம். அவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த வேலையை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொடியாக வாங்காதீர்கள், முழு வேராகக் கேளுங்கள். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். பென்சிலைவிட ஒல்லியாக, தோலில் வெடிப்போடு, வெள்ளை உள்தோலும் நடுவே கட்டை நரம்புமாக இருந்தால் நன்னாரி. விரல்போலப் பருத்திருந்தால் மாகாளி. வீட்டில் பாகு காய்ச்சுபவர்கள், தட்டி நரம்பெடுத்த வேரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாமல், கொதித்த நீரை அதன்மேல் ஊற்றி இறுக மூடி ஓர் இரவு ஊறவையுங்கள். கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்விடும். 100 கிராம் வேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எங்கள் வீட்டு அளவு. மறுநாள் வடித்துச் சர்க்கரை சேர்த்து இளஞ்சூட்டில் பாகாக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாகைத் தவிர்த்துவிட்டு, நான்கைந்து வேரைக் குடிநீர்ப் பானையில் போட்டுவைத்தாலே போதும். சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்கு வேரை மட்டும் நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது என்பதையும் கடையில் வருவோரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவ்வாண்டு எங்கள் கடையில் இரண்டு டப்பாக்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் நன்னாரி, மற்றதில் மாகாளி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நன்னாரியின் விலை அதிகம். காரணம் கேட்பவர்களுக்கு இரண்டிலும் ஒவ்வொரு வேரை எடுத்து உடைத்துக் காட்டுகிறேன். சிலர் விலையைப் பார்த்து மாகாளியையே வாங்கிப் போகிறார்கள். இப்போது அவர்கள் பெயர் தெரிந்து வாங்குகிறார்கள். பின்கட்டுக் கொடியில் இந்த முறை காய் பிடித்திருக்கிறது. விதை கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று, வெடிப்பதற்கு முன் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.